கல்லில் இல்லாத காரணம்

பொன்னியின் செல்வன் 1950 தொடக்கம் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்து வாசித்தது ஒரு தலைமுறை. நூலகத்தில் பெயர் பதிந்து, ஐந்து பாகங்களையும் முறை வைத்து எடுத்து வாசித்தது எங்கட தலைமுறை. இன்றைய பிள்ளைகளுக்கு அது மணிரத்னத்தின் இரண்டு படங்கள். 2022இல் ஒன்று, 2023இல் மற்றது. ஆனால் வாசித்து முடித்தவரும் பார்த்து முடித்தவரும் கேட்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. இதில் யார் உண்மையில் இருந்தவர், யார் கல்கி படைத்தவர்?

இந்தக் கேள்விக்குப் பட்டியல்கள் நிறைய உண்டு. வந்தியத்தேவன் உண்மை, நந்தினி கற்பனை, செம்பியன் மாதேவி உண்மை, பூங்குழலி கற்பனை என்று அவை போகும். பட்டியல் பெரும்பாலும் சரிதான். ஆனால் அது போதாது என்பதே என் கருத்து. ஒருவர் வாழ்ந்தவர் என்று தெரிந்த உடனே, நாவலில் அவர் செய்ததெல்லாம் நடந்தது என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடுகிறது. நந்தினி கற்பனை என்று சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். குந்தவை வாழ்ந்தவர், ஆனால் நாவலில் அவர் பேசிய ஒரு வார்த்தைகூடக் கல்வெட்டில் இல்லை என்று சொன்னால்தான் முகம் மாறும்.

ஆகவே பட்டியலுக்குப் பதிலாக ஒரு பிரிப்பை இங்கு முன்வைக்கிறேன். பழைய ஆவணங்கள் பெரும்பாலும் செயலைச் சொல்கின்றன: கொடுத்தார், கட்டினார், மணந்தார், கொன்றார், மாண்டார். ஏன் செய்தார் என்பதை அவை அநேகமாகச் சொல்வதில்லை. நாவல் அந்த ‘ஏன்’ என்ற இடத்தில்தான் குடியிருக்கிறது. ஒரு பாத்திரம் உண்மையா பொய்யா என்று கேட்பதை விட, அவருடைய எந்தச் செயலுக்கு ஆதாரம் உண்டு, எந்தக் காரணம் ஆசிரியருடையது என்று கேட்டால் நாவலும் நமக்கு நன்றாகப் புரியும், வரலாறும் பிழைத்துக்கொள்ளும்.

மூன்று வகை ஆட்கள்

நாவலில் வருகிறவர்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, பெயரும் செயலும் ஆவணத்தில் உள்ளவர்கள். செம்பியன் மாதேவி இதற்கு நல்ல உதாரணம். கண்டராதித்த சோழரின் மனைவி. செங்கல் கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லில் எடுப்பித்தவர். கோனேரிராஜபுரம் கோயிலில் கணவரின் உருவத்தையும் செதுக்க வைத்திருக்கிறார். குந்தவையும் அப்படியே. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அவர் கொடுத்த கொடைகள் கல்லில் எண்ணி எழுதப்பட்டுள்ளன. தன் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனி செய்து வைத்தார். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணத்துக்கும் தனித்தனியே கோயில் எடுத்தார். கல்லில் தெரியும் குந்தவை கணக்குத் தவறாத ஒரு கொடையாளி. நாவலில் தெரியும் குந்தவை அரசியல் சூத்திரங்களைப் பழையாறையில் இருந்துகொண்டே இழுக்கிறவர். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் முழுதும் கல்கியின் உழைப்பு.

இரண்டாம் வகை, பெயர் மட்டும் கிடைத்தவர்கள். வந்தியத்தேவன் இந்த வகை. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையை அறிமுகப்படுத்தும்போது வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று சொல்லப்படுகிறது. மனைவி கொடை கொடுத்த இடத்தில் கணவன் பெயர் வருகிறது, அவ்வளவுதான். வீராணத்தங்கரையில் குதிரையில் வந்த இளைஞன், வாய்த்துடுக்கு, ஓலை, மாட்டிக்கொள்வது, தப்பிப்பது எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்து முளைத்தவை. ஐந்து பாகத்துக்கும் கதாநாயகனாக நிற்கிறவனுக்கு ஆதாரம் ஒரு திருமண உறவு. பழுவேட்டரையர்களையும் இங்கேதான் வைக்கவேண்டும். பழுவூரில் அந்தக் குலத்தின் கல்வெட்டுகள் உண்டு. சோழருக்குப் பெண் கொடுத்த குலம் என்பதும் தெரியும். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு விழுப்புண்ணும் முதுமையில் வந்த மோகமும் நாவலுக்குரியவை.

மூன்றாம் வகை, முழுவதும் படைக்கப்பட்டவர்கள். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, ஊமை ராணி மந்தாகினி. இவர்கள் காற்றில் இருந்து வந்தார்கள் என்று நினைக்கக்கூடாது. ஆதித்த கரிகாலனுக்கு வீரபாண்டியன் தலைகொண்டவன் என்ற விருது கல்வெட்டுகளில் உண்டு. தலை கொண்டவன் என்றால், அந்தத் தலைக்காக அழுத ஒரு பெண் இருந்திருக்கலாம் அல்லவா? அவள் காலில் விழுந்து கெஞ்சியிருக்கலாம் அல்லவா? அவன் கேட்காமல் வெட்டியிருக்கலாம் அல்லவா? நந்தினி இப்படித்தான் பிறக்கிறாள். ஒரு விருதுப் பெயரின் மறுபக்கத்தை யோசித்ததால் வந்த பாத்திரம் அவள். தமிழ்ச் சரித்திர நாவலில் இதைவிடக் கூர்மையான கற்பனையை நான் கண்டதில்லை. அவள் இருந்ததில்லை என்பதால் அவளுடைய மதிப்புக் குறைவதில்லை.

நிலக் கணக்கில் ஒரு கொலை

நாவலின் மையம் ஆதித்த கரிகாலனின் கொலை. அது நடந்ததற்குச் சான்று உண்டு. அந்தச் சான்று எப்படிப்பட்டது என்பதை வாசகர் தெரிந்துகொள்ளவேண்டும்.

காட்டுமன்னார்கோயிலில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. கல்கியின் கதை தொடங்கும் வீரநாராயண ஏரிக்குப் பக்கத்து ஊர்தான். அங்குள்ள கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரைப் பெயர் சொல்லுகிறது. அவர்களுடையதும் உறவினர்களுடையதுமான நிலங்களைப் பறிமுதல் செய்யும்படி ஊர்ச் சபைக்கு வந்த ஆணையைக் குறிப்பிடுகிறது. பிறகு அந்த நிலம் விற்கப்பட்ட விபரம்.

கவனியுங்கள், இது கொலை விசாரணை அறிக்கை இல்லை. நில உறுதி. நிலம் எப்படிக் கைமாறியது என்பதைச் சொல்ல வந்த இடத்தில் கொலை ஒரு காரணமாகத் தலைகாட்டுகிறது. எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், யாருக்காகக் கொன்றார்கள் என்று ஒன்றுமில்லை. கடம்பூர் மாளிகை இல்லை. சம்புவரையர் சதி இல்லை. நாவலில் ரவிதாசன் ஆந்தை போலக் கத்துகிற மந்திரவாதி, பாண்டியனின் ஆபத்துதவி. கல்லில் உள்ள ரவிதாசனோ அரச விருதுப் பெயர் தாங்கியவன், நிலமும் உறவும் உள்ளவன். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பாண்டிய நாட்டுத் தொடர்பைக் கற்பிக்கலாம், கற்பிக்காமலும் விடலாம்.

அறிஞர்களே இந்த இடத்தில் ஒன்றுபடவில்லை. கொலை நடந்து பல ஆண்டுகள் உத்தம சோழன் ஆண்டபோது கொலையாளிகள் மீது நடவடிக்கை எடுத்த சான்று இல்லை. ராஜராஜன் வந்த பிறகே நிலம் பறிபோகிறது. இதை வைத்து நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன் மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இருவர் கையிலும் இருந்தது அதே கல்வெட்டுத்தான். செயலில் இருவருக்கும் பேதமில்லை, காரணத்தில்தான் பிரிகிறார்கள். கல்கி இந்த இடைவெளியை நன்றாக அறிந்தவர். அதனால்தான் கொலை நடக்கும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, வாளை யார் வீசியது என்பதை வாசகருக்கே விட்டுவிடுகிறார். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே வைத்த நேர்மை அது.

ஆனால் வாசகர்கள் அந்த நேர்மையைக் காப்பாற்றவில்லை. இன்று அந்தக் கொலையை வைத்துச் சாதிச் சண்டை நடக்கிறது. பிரமாதிராஜன் என்ற விருதை வைத்து ஒரு சாதியார் முழுவதையும் குற்றவாளி ஆக்குகிறவர்களும் உண்டு. நாவலைக் காட்டிப் பாண்டியர்தான் செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்கிறவர்களும் உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு நில உறுதியில் இல்லாத காரணத்தை ஆளுக்கொரு பக்கம் நிரப்பிக்கொண்டு, இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களைக் குற்றம் சாட்டுவது எவ்வளவு சுலபமாக நடக்கிறது பாருங்கள்.

செப்பேடும் ஒரு புகழ்ப்பாட்டு

நாவலை நம்பாதே, செப்பேட்டை நம்பு என்று சொல்லி முடித்துவிடலாமா? அதுவும் முடியாது. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதே ஆதித்த கரிகாலனைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் கொலை என்று சொல்லவில்லை. வானுலகைக் காணும் ஆசையால் அவன் மறைந்தான் என்ற பொருளில் கவிநயத்தோடு கடந்துபோகிறது. உடையார்குடிக் கல் இல்லாவிட்டால், இளவரசன் நோயில் மாண்டான் என்றுகூட நாம் படித்திருப்போம். அரசவைப் புலவர் எழுதியதும் எழுத்துத்தான். அதற்கும் ஓர் எசமான் உண்டு.

அதே செப்பேடு இன்னொன்றும் சொல்கிறது. குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினார்கள். சிற்றப்பன் முறையான உத்தமன் நாட்டை விரும்பும் வரைக்கும் அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை. நாவலின் ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பெயர் வந்தது இந்த இடத்தில் இருந்துதான். கல்கிக்கு ஒரு சிக்கல் இருந்திருக்கும். அரியணைக்கு ஆசைப்பட்ட உத்தமனும், செம்பியன் மாதேவி போன்ற ஒரு தாயின் மகனான உத்தமனும் ஒரே ஆளாக இருந்தால், அருள்மொழி செய்த தியாகம் தகாத ஒருவனுக்குச் செய்ததாகிவிடும். அதற்கு அவர் கண்ட வழி, ஒரு வரலாற்று மனிதரை இரண்டாகப் பிரிப்பது. ஆசைப்படுகிற மதுராந்தகன் ஒருவன். அவன் மாற்றி வளர்க்கப்பட்ட பிள்ளை. முடி சூடுகிற உத்தமன் இன்னொருவன். அவன் பூமாலை கட்டும் சேந்தன் அமுதன். கதைக்கு இது அற்புதமான தீர்வு. வரலாற்றில் அப்படி ஒரு பிள்ளை மாறாட்டம் நடந்ததாக எந்த ஆவணமும் இல்லை.

இலங்கைப் பகுதி

இதுவரை சொன்னதெல்லாம் சோழ நாட்டு விவகாரம். நாவலின் ஒரு பெரும் பகுதி எங்கட நாட்டில் நடக்கிறது. இங்கே நாம் இன்னும் கவனமாக வாசிக்கவேண்டும்.

உயர்தர வகுப்பில் வரலாறும் படிக்கிற ஒரு மாணவி, ராஜராஜனின் இலங்கைப் படையெடுப்புப் பற்றிய ஒப்படையில், பிக்குகள் அவனுக்கு இலங்கை முடியைக் கொடுக்க வந்தார்கள், அவன் மறுத்தான் என்று எழுதியிருந்தாள். அது நாவலில் வரும் காட்சி என்று சொன்னேன். “அப்ப ராஜராஜன் இலங்கைக்கு வரவே இல்லையா டீச்சர்?” என்று கேட்டாள். ஒன்று கற்பனை என்றதும் எல்லாமே கற்பனை என்று நினைக்கிற அந்தத் தாவல், நாவல் முழுவதையும் வரலாறு என்று நினைப்பதன் மறுபக்கம்தான். அவளுக்குச் சொன்ன விடையை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நாவலில் அருள்மொழி இளவரசனாக இருக்கும்போதே இலங்கையில் படை நடத்துகிறார். தந்தை சுந்தர சோழர் காலத்தில் இலங்கை மீது படை வந்தது உண்மை. கொடும்பாளூர் சிறிய வேளார் ஈழத்தில் பட்டார் என்று கல்வெட்டே உண்டு. அந்தக் காலத்து இலங்கை மன்னன் நான்காம் மகிந்தன். அவனுடைய சேனாதிபதி சேனன், நாகதீபத்துக்கு வந்த படையை முறியடித்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. ஆனால் அருள்மொழி அப்போது இங்கே வந்தார் என்பதற்குச் சான்று இல்லை. சோழர் அனுராதபுரத்தை வீழ்த்தி வட இலங்கையைத் தங்கள் மண்டலமாக்கியது அவர் ராஜராஜனாக முடி சூடிய பின், ஏறத்தாழ 993இல். அப்போது ஐந்தாம் மகிந்தன் உரோகணைக்குப் போய்விட்டிருந்தான். பொலன்னறுவை தலைநகரானது, ஜனநாதமங்கலம் என்ற பெயரும் பெற்றது. நாவலோ அந்த வெற்றியின் சாயலை இருபது வருடத்துக்கும் மேலாக முன்னுக்கு இழுத்து வைத்துவிட்டது.

விகாரைகளின் விடயம் அதைவிட முக்கியம். நாவலின் இளவரசர் இடிந்த விகாரைகளைத் திருத்திக் கொடுக்கிறார். சூளவம்சத்தின் சோழப்படை விகாரைகளைக் கொள்ளையடித்துத் தாதுகர்ப்பங்களை உடைக்கிறது. ஒன்று சென்னையில் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாவல். மற்றது தோற்ற தரப்பின் பிக்குகள் எழுதிய வம்சகதை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எதை எடுப்பது? மூன்றாவதாகத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள வெல்கம் விகாரையைப் பார்க்கவேண்டும். சோழர் காலத்தில் அது இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்றது. அங்கே பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. படையெடுத்து வந்தபோது கொள்ளையும் நடந்திருக்கும், ஆட்சி நிலைத்தபோது ஆதரவும் நடந்திருக்கும். கல் காட்டுவது இந்தக் கலப்பு நிலையை. அதை ஒரு நல்ல இளவரசனின் உள்ளமாக ஆக்கிக் காட்டுவது நாவல். ஓர் அரக்கர் கூட்டத்தின் வெறியாக ஆக்கிக் காட்டுவது வம்சகதை.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரமும் இதே கதைதான். நாவலில் அருள்மொழி காய்ச்சலோடு அங்கே தங்குகிறார். லெய்டன் செப்பேடுகளின்படி அந்த விகாரம் ஸ்ரீவிஜய மன்னர்களால் எழுப்பப்பட்டது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடுத்தான். பின்னாளில் அரசனாக இருந்து கொடுத்த கொடைக்கு ஒரு மனக்காரணம் வேண்டும் என்று கல்கி நினைத்தார். இளம் வயதில் பிக்குகள் அவர் உயிரைக் காத்தார்கள் என்ற காட்சி அந்தக் காரணத்தைத் தருகிறது. கொடை உண்மை. அதற்குப் பின்னால் வைத்த நன்றிக்கடன் கற்பனை. செயலையும் காரணத்தையும் பிரிக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

குதிரை வியாபாரி

இனி, முஸ்லிம் வாசகராக நமக்கு இதில் என்ன இருக்கிறது என்ற இடத்துக்கு வருகிறேன்.

நாவலில் அராபியர் வருகிறார்கள். இலங்கைக் கரையோரம் ஒரு கப்பல். அதில் வந்தியத்தேவன் அகப்பட்டுக்கொள்கிறான். குதிரை, கடல், முரட்டு உடல் என்ற அளவோடு அவர்கள் கதை முடிகிறது. பெயர் சொல்லி நினைவில் நிற்கிற ஒருவர்கூட அவர்களில் இல்லை. பின்னால் வந்த சாண்டில்யனின் கடல் புறாவில் அமீர் என்ற அரபிக்குப் பெயராவது கிடைத்தது. இதைக் குறையாகச் சொல்லிச் சண்டை பிடிக்க நான் வரவில்லை. கல்கி ஏற்ற கதை சோழ அரண்மனையின் கதை. கப்பல்காரருக்கு அதில் ஓர் அத்தியாயத்து வேலைதான். எனக்குக் கவலை தருவது எழுதப்பட்ட அரபி அல்ல, இனி எழுதப்படக்கூடிய அரபி.

சூளவம்சத்தில் ஒரு சிறு குறிப்பு உண்டு. ஐந்தாம் மகிந்தன் காலத்தில் சம்பளம் கிடைக்காமல் கூலிப்படை கலகம் செய்கிறது. அரசன் உரோகணைக்கு ஓடுகிறான். அக்கரையில் இருந்து இங்கே வந்துபோன ஒரு குதிரை வியாபாரி, இலங்கையின் இந்த நிலையைச் சோழ அரசனிடம் போய்ச் சொல்கிறான். அதைக் கேட்டுச் சோழன் படை அனுப்புகிறான். அந்த வியாபாரிக்குப் பெயர் இல்லை. ஊர் இல்லை. மதம் இல்லை. காசுக்காகச் சொன்னானா, கதைப்போக்கில் சொன்னானா, சோழன் விசாரித்தபோது சொன்னானா என்றும் இல்லை. சொன்னான் என்ற ஒரு செயல் மட்டும் உண்டு.

நாளைக்கு ஒருவர் சரித்திர நாவல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடல் வழிக் குதிரை வியாபாரத்தில் அராபியருக்குப் பெரும் பங்கு இருந்தது என்பது தெரிந்த விடயம். ஆகவே அந்த வியாபாரியை அரபியாக்கலாம். ஒரு பெயர் வைக்கலாம். பிறகு ‘ஏன்’ என்ற வெற்றிடத்தில் பேராசையை வைக்கலாம். நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று முடிக்கலாம். நாவல் என்ற அளவில் அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நந்தினிக்குக் கல்கி எடுத்த அதே உரிமை. ஆனால் நந்தினியை வரலாறு என்று நம்பிப் பழகிய வாசகர் கூட்டம் இந்த வியாபாரியையும் வரலாறு என்றுதான் நம்பும். அன்றைக்கு நாம் எழுந்து, மூலத்தில் அவனுக்கு மதம் சொல்லப்படவில்லை, காரணம் சொல்லப்படவில்லை என்று கத்தினாலும், ஒரு படம் ஓடி முடிந்த பிறகு அந்தச் சத்தம் யார் காதில் விழும்? இந்த நாட்டில் ஒரு சமூகத்தின் மேல் பழங்கதையை வைத்துப் பழி போடுவது என்ன விளைவைத் தரும் என்று நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதனால்தான் செயலையும் காரணத்தையும் பிரித்து வாசிக்கும் பழக்கத்தை, நமக்குப் பிடித்த நாவல்களில் இருந்தே தொடங்கவேண்டும் என்கிறேன். பிடிக்காத நாவல் வரும்போது மட்டும் ஆதாரம் கேட்டால், அது ஆய்வு ஆகாது. கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கொழும்புக் கல்

அந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். கொழும்பில் கிடைத்த கூஃபி எழுத்துக் கல் ஒன்றைப் பற்றி நம்மில் பலரும் கேள்விப்பட்டிருப்போம். காலித் இப்னு அபூ பகாயா என்ற ஒருவருடைய மீஸான் கல். அதிலுள்ள ஹிஜ்ரி ஆண்டை வேறுவேறாகப் படித்திருக்கிறார்கள். எப்படிப் படித்தாலும் அது 10ஆம் நூற்றாண்டின் முற்பாதிக்குள் வரும். அதாவது, வந்தியத்தேவன் வீராணத்தங்கரையில் குதிரையில் வந்ததாகக் கல்கி எழுதும் காலத்துக்கு ஒரு தலைமுறை முந்தி, பெயரும் மரணித்த நாளும் எழுதப்பட்ட ஓர் அரபு முஸ்லிம் கொழும்பில் அடங்கியிருக்கிறார். நாவலில் அரபிக்குக் கிடைக்காத பெயர் கல்லில் இருக்கிறது.

இந்தக் கல்லோடு ஒரு கதையும் சேர்ந்து வருகிறது. கொழும்பில் குடியேறிய முஸ்லிம் வர்த்தகர்கள் மார்க்க அறிவில்லாமல் இருப்பதைக் கேள்விப்பட்ட பக்தாத் கலீபா, அவர்களுக்குப் படிப்பிக்க இவரை அனுப்பினார், இவர் வந்து பள்ளிவாசல் கட்டினார் என்பது அது. இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியான தம் கட்டுரையில், இந்நாட்டு முஸ்லிம்களிடையே வழங்கும் மரபுச் செய்தி என்று இதைப் பதிவு செய்தார். கல் ஒன்று, செய்தி ஒன்று. கல்லில் ஒரு மனிதரின் பெயரும், இறப்பும், பிரார்த்தனையும் உண்டு. கலீபா ஏன் அனுப்பினார் என்பது மரபுச் செய்தியில் மட்டும் உண்டு. மரபுச் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது, நம் முன்னோர் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது. ஆனால் நம்முடைய மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே உறுதியோடு சொல்கிறோம். உடையார்குடிக் கல்லோடு கடம்பூர் மாளிகையைச் சேர்த்துச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வாசிக்கும் முறை

ஒரு மறுப்பு எழும். நாவல் நாவல்தானே, அதை ஏன் இப்படி அறுத்துப் பார்க்கவேண்டும், பிள்ளைகள் வரலாற்றில் ஆர்வம் கொள்வதே பெரிய காரியம் இல்லையா என்று. ஆர்வம் கொள்வது பெரிய காரியம்தான். தமிழ் வாசகர் பலருக்குக் கல்வெட்டு என்ற ஒன்று இருப்பதே கல்கியால்தான் தெரியும். அவர் கதைக்கு நடுவிலேயே செப்பேட்டையும் கல்வெட்டையும் பெயர் சொல்லிக் குறிப்புக் கொடுத்தவர். கதை முடிந்த பிறகு வாசகருக்கு முடிவுரையும் எழுதியவர். எல்லையை அவர் மறைக்கவில்லை. குறிப்பைத் தாண்டிக் கதைக்குப் பாய்ந்தவர்கள் நாம். படமாக வரும்போது அந்தக் குறிப்பும் இல்லாமல் போய்விட்டது. நந்தினிக்கு ஐஸ்வர்யா ராயின் முகம் வந்துவிட்டது. முகம் கிடைத்த பிறகு ஆள் இல்லை என்று யார் நம்புவார்கள்?

வகுப்பில் நான் செய்வது எளிய வேலை. கொப்பியின் பக்கத்தை நடுவால் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்வேன். இடது பக்கம் செயல். வலது பக்கம் காரணம். ஒவ்வொரு செயலுக்கும் எதிரே, இதை எந்த ஆவணம் சொல்கிறது, அந்த ஆவணத்தை எழுதுவித்தவர் யார் என்று எழுதவேண்டும். குந்தவைக்குப் போட்டால் இடது பக்கம் நிறைந்துவிடும். வலது பக்கம் கல்கியின் பெயர் மட்டும் வரும். நந்தினிக்கு இடது பக்கம் வெறுமை. வந்தியத்தேவனுக்கு இடது பக்கத்தில் ஒரே ஒரு வரி. குதிரை வியாபாரிக்கும் ஒரே ஒரு வரி. காலித் இப்னு அபூ பகாயாவுக்கும் அதே பக்கத்தில்தான் இடம்; அவருக்கென்று தனிச் சலுகை கிடையாது. இதைச் செய்து பார்த்த பிள்ளைகள் நாவலை வெறுத்துவிடுவதில்லை. ஒரு வரியில் இருந்து இவ்வளவு கதையா என்று திரும்ப எடுத்து வாசிக்கிறார்கள்.

1885இலேயே சித்திலெவ்வை அஸன்பேயுடைய கதையை எழுதித் தமிழ் நாவலின் தொடக்க வரிசையில் இடம்பிடித்த சமூகம் நாங்கள். 10ஆம் நூற்றாண்டுக் கொழும்பில் ஒரு முஸ்லிம் எப்படி வாழ்ந்தார், எந்த மொழியில் பேரம் பேசினார், அவருடைய பிள்ளைகள் எந்த மொழியில் அழுதார்கள் என்று எழுத ஒருவருக்கும் தடையில்லை. காலித் இப்னு அபூ பகாயாவுக்கு ஒரு மனைவியைக் கொடுக்கலாம், ஒரு கப்பலைக் கொடுக்கலாம், ஊருக்குத் திரும்பாமல் இருக்க ஒரு காரணத்தையும் கொடுக்கலாம். எழுதுகிறவர் கடைசிப் பக்கத்தில், கல்லில் இருப்பது இவ்வளவு, மிச்சம் என்னுடையது என்று ஒரு குறிப்பு மட்டும் போடட்டும். அந்தக் குறிப்பையும் சேர்த்து வாசிக்கிற வாசகர்களை உருவாக்குவது ஆசிரியர்களாகிய எங்கட பொறுப்பு.